ஜனவரியில் கோசுமெல்: தண்ணீரை விட காற்றைப் பாருங்கள்

கேள்வி: ஜனவரி மூன்றாம் வாரம் கால்வெஸ்டனிலிருந்து ஏழு நாள் குரூஸ் போகிறோம். கோஸ்டா மாயா, ரோவாட்டான், கோசுமெல் மூன்று இடங்களில் கப்பல் நிற்கும். ஒரு நாளாவது ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி, மிதந்தபடியே கடலுக்கு அடியில் பார்ப்பது) போக ஆசை. கணவர் நன்றாக நீந்துவார். எனக்கு நீச்சல் தெரியாது. மகளுக்கு ஒன்பது வயது, நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். திருச்சியிலிருந்து வந்திருக்கும் மாமனாருக்கு 67 வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார், "காவிரியில நீந்தின ஆளு, எனக்கென்ன" என்கிறார். எந்த இடத்தில் போவது? கப்பல்காரர்களிடமே புக் பண்ணலாமா, வெளியே குறைந்த விலைக்குக் கிடைப்பதை எடுக்கலாமா? அந்த மாதத்தில் தண்ணீர் ரொம்பக் குளிருமா?
பிளேனோ, டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி

பதில்: குளிர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஜனவரியில் மெக்சிகோவின் கோசுமெல் தீவுப் பக்கம் கடல் நீர் சுமார் 26, 27 டிகிரி செல்சியஸ் இருக்கும். இறங்கும்போது சுகமாகவே இருக்கும், அரை மணி நேரத்தில் ஒல்லியான பிள்ளைகளுக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பிக்கும், நனைந்த உடம்போடு படகில் ஏறிக் காற்றில் உட்காரும்போதுதான் உண்மையான குளிர் தெரியும். மகளுக்கு மட்டும் ஒரு மெல்லிய அரைக்கை வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை) வாங்குங்கள், எல்லோருக்கும் துண்டோடு ஒரு ஜாக்கெட் போதும்.

நீங்கள் கேட்காமல் விட்டது காற்று. குளிர்காலக் கரீபியனில் ஸ்நார்கெலிங் நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்வது அதுதான். டெக்சாஸில் உங்களை நடுங்க வைக்கிற அதே கோல்டு ஃபிரன்ட், அதாவது வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று அலை, தெற்கே இறங்கி, மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து, ஒன்றிரண்டு நாளில் கோசுமெல் இருக்கும் யுகட்டான் தீபகற்பத்தின் பக்கம் போய்ச் சேர்கிறது. அங்கே அதை நோர்தே என்பார்கள். மற்ற நாட்களில் காற்று கிழக்கிலிருந்து வரும், தீவின் மேற்குக் கரை மறைவில் இருக்கும், கப்பல் துறைகளும் நல்ல பவளப்பாறைகளும் அந்த மேற்குப் பக்கம்தான் என்பதால் கடல் குளம் போல அமைதியாகக் கிடக்கும். வாடைக்காற்று அடித்தால் அந்த மறைவு போய்விடும், துறைமுக அதிகாரி சின்னப் படகுகள் எதுவும் வெளியே போகக் கூடாது என்று துறைமுகத்தை மூடிவிடுவார். உங்கள் பெரிய கப்பல் கரையில் நின்றிருக்கும், ஸ்நார்கெலிங் படகு மட்டும் கிளம்பாது. அது அன்று காலையில்தான் உறுதியாகத் தெரியும். அதனால் கிளம்பும் முன்பிருந்தே விண்டி போன்ற ஒரு செயலியில் யுகட்டான் நீரிணையின் காற்றைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கப்பல் கோசுமெல் போய்ச் சேர்வதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் டல்லாஸில் வெப்பநிலை தடாலென்று இறங்கினால், மாற்றுத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்காகக் குளிர்காலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. புயல் பருவம் நவம்பர் 30-ஓடு முடிந்திருக்கும், வசந்தத்திலும் கோடையிலும் மெக்சிகோவின் கிழக்குக் கரையைப் பிடித்து ஆட்டும் சர்காசம் பாசியும் ஜனவரியில் குறைவு. காற்று இல்லாத ஒரு ஜனவரி நாள் கிடைத்துவிட்டால் அதை விட நல்ல நாள் வருடத்தில் வேறு கிடைக்காது என்பது என் கருத்து.

சரி, எந்த இடம்? கோசுமெல். யோசிக்கவே வேண்டாம். கோஸ்டா மாயா, அதாவது மகாவால் கரை, நேராகத் திறந்த கடலைப் பார்த்துக் கிடக்கிறது, காற்று கொஞ்சம் கூடினாலே கலங்கிவிடும், அங்கே ஸ்நார்கெலிங்குக்குப் பணம் கட்டாதீர்கள், சக்சோபென் மாயன் கோயில் இடிபாடுகளுக்குப் போங்கள், மாமனாருக்குப் பிடிக்கும். ரோவாட்டான் தீவில் வெஸ்ட் பே கடற்கரை அருமையான இடம், மணலிலிருந்து நீந்திப் போகிற தூரத்திலேயே பவளப்பாறை தொடங்கிவிடும். ஆனால் அங்கே அக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம், நல்ல மழை பெய்தால் தண்ணீரில் ஒன்றும் தெரியாது. கூடவே மணலில் கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சிகள் உண்டு, கால்களை மூடிக்கொண்டு போனால் தப்பிக்கலாம். எனவே ரோவாட்டானை ஒரு கடற்கரை நாளாக வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் தெளிவாக இருந்தால் கணவர் மாஸ்க்கோடு ஒரு சுற்றுப் போய் வரட்டும்.

கோசுமெலில் வழக்கமான படகுச் சுற்று மூன்று இடங்களுக்குப் போகும்: பலன்கார், கொலம்பியா, எல் சியேலோ. மூன்றும் தீவின் தென்மேற்கில், 1996-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. முதல் இரண்டும் பவளப்பாறைகள், நடுநடுவே ஆழமும் உண்டு. எல் சியேலோ வெள்ளை மணல் திட்டு, பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவு தண்ணீர், அடியில் நட்சத்திர மீன்கள். உங்களுக்கான இடம் அதுதான். பவளப்பாறை இடங்களில் நீரோட்டம் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் நீந்த வேண்டாம், மிதந்தால் போதும், படகு பின்னாலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். நீச்சல் தெரிந்தவர்களுக்கு இதில் ஆனந்தம். நீச்சல் தெரியாதவர்களுக்கு, கால் தரையில் படாமல், தானாக நகர்ந்துகொண்டே இருப்பது திகிலாக இருக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டு, வழிகாட்டி இழுத்துப் போகும் மிதவையைப் பிடித்துக்கொண்டு போகலாம், நிறையப் பேர் அப்படிப் போகிறார்கள். ஆனால் முதல் இடத்தில் படகிலேயே உட்கார்ந்து மற்றவர்களைப் பாருங்கள், மனசு வந்தால் இரண்டாவது இடத்தில் இறங்குங்கள், வரவில்லை என்றால் எல் சியேலோவில் மட்டும் இறங்குங்கள். "இவ்வளவு காசு கொடுத்திருக்கோமே" என்று யார் சொன்னாலும் அதற்காக இறங்க வேண்டாம், உங்கள் கணவர் சொன்னாலும்தான்.

இனி மாமனார். இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அவருடையது. ஆற்றில் நீந்துவது வேறு, குழாய் வழியாக வாயால் மட்டும் மூச்சை இழுத்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்திருப்பது வேறு. ஹவாய் மாநிலத்தில் ஸ்நார்கெலிங் மரணங்கள் அதிகம் என்பதால் அங்குள்ள சுகாதாரத் துறையின் நிதியில் ஓர் ஆய்வே நடந்தது. தண்ணீரைக் குடித்து மூழ்குவதுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்திருக்க, பல சம்பவங்களில் குழாயின் மூச்சுத் தடையால் நுரையீரலில் திடீரென நீர் கோத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஆள் சோர்ந்துபோவதாக அந்த ஆய்வு சொன்னது. இதயக் கோளாறு இருப்பவர்களுக்கும், அதிகமாக உடம்பை வருத்துபவர்களுக்கும் ஆபத்து கூடுதல். வயது 67, பி.பி. மாத்திரை என்றால் கிளம்பும் முன் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். பல நிறுவனங்கள் உடல்நலப் படிவத்தில் கையெழுத்தும் கேட்கும், அதில் மறைக்க வேண்டாம். டாக்டர் சரி என்றால், லைஃப் ஜாக்கெட்டோடு எல் சியேலோவில், கணவர் ஒரு கை தூரத்தில் நிற்க, அவர் இறங்கட்டும். முகம் முழுக்க மூடும் மாஸ்க் வேண்டாம், அவசரத்தில் சட்டென்று கழற்ற வராது. குறுகலான குழாயும் வேண்டாம், ஊதி இழுத்துப் பார்த்து எளிதாக மூச்சு வருவதையே வாங்குங்கள். தண்ணீர் குடிக்காமலே மூச்சு வாங்கினாலோ, கை கால் திடீரென்று பலமிழந்தாலோ, உடனே மல்லாந்து, குழாயை எடுத்துவிட்டுக் கையை உயர்த்த வேண்டும். இதை அவரிடம் கப்பலிலேயே ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

எங்கே புக் பண்ணுவது என்றால், கப்பல் வழியாகப் பதிவு செய்தால் சுற்று தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், கப்பல் அந்தத் துறைக்கே போகவில்லை என்றால் பணம் தானாகத் திரும்பி வரும். வெளியே பதிவு செய்தால் சின்னப் படகு, குறைவான ஆட்கள், வழிகாட்டியின் கண் உங்கள் மேல் இருக்கும். உங்கள் குடும்பத்துக்கு நான் கோசுமெலில் சின்னப் படகையே சொல்வேன். நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் குதிக்கிற பெரிய கட்டமரான் படகில் நீச்சல் தெரியாத ஒருவரையும் 67 வயதுக்காரரையும் யார் கவனிப்பது? ஆனால் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கப்பல் வராவிட்டாலும் துறைமுகம் மூடப்பட்டாலும் முழுப் பணமும் திரும்புமா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், எல்லோரும் தண்ணீரில் இருக்கும்போது படகை ஓட்டுபவர் படகிலேயே இருப்பாரா. மூன்றுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம். காலைச் சுற்றையே எடுங்கள், கப்பல் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கரையில் இருப்பது போல. கால்வெஸ்டனில் ஜனவரியில் மூடுபனியால் கப்பல் கிளம்பத் தாமதமாவதும் உண்டு, அப்போது துறைகளின் நேரம் மாறும், திரும்பி வராத முன்பணம் எதுவும் கட்டாதீர்கள்.

மணி விஷயத்தில் டெக்சாஸ்காரர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கோசுமெலும் கோஸ்டா மாயாவும் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015-இலிருந்து வருடம் முழுவதும் ஒரே நேரத்தில் நிற்கிறது. கோடையில் உங்கள் ஊர் நேரமும் அதுவும் ஒன்று, குளிர்காலத்தில் அது ஒரு மணி நேரம் முன்னால். ரோவாட்டான் மறுபடியும் உங்கள் ஊர் நேரம். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றுமா மாட்டாதா என்பது கப்பலைப் பொறுத்தது. டெக்சாஸ் நேரத்திலேயே இருந்தால், கோசுமெல் படகுக்காரர் சொல்லும் பத்து மணி உங்களுக்கு ஒன்பது மணி, தூங்கி எழுந்து போனால் படகு போயிருக்கும். மாற்றிக்கொண்டிருந்தால், ரோவாட்டான் கடைக் கடிகாரத்தைப் பார்த்து நிதானமாகக் கிளம்பினால் கப்பலுக்கு ஒரு மணி நேரம் தாமதம். போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், நம்ப முடியாது. சாதாரண கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒய்.எம்.சி.ஏ. போன்ற ஏதாவது வெந்நீர் நீச்சல்குளத்தில் நான்கு பேரும் மாஸ்க்கும் குழாயும் போட்டுப் பழகுங்கள், நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடியே. முகத்தை நனைத்துவிட்டு வாயால் மூச்சு விடுவது முதல் பத்து நிமிடம் யாருக்கும் வராது, அதைக் கடலில் கற்றுக்கொள்ள வேண்டாம். மாஸ்க்கைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள், கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் அளவு. கணவரும் மாமனாரும் மீசை வைத்திருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும், மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவுக்குச் சிரைத்தாலே போதும், மனமில்லை என்றால் டைவிங் கடையில் கிடைக்கும் சிலிக்கான் கிரீஸ் தடவலாம். கிட்டப்பார்வை என்றால் பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் ரெடிமேடாகக் கிடைக்கிறது, கண்ணாடி இல்லாமல் போய் மங்கலாகப் பார்த்துவிட்டு வருவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டாமே.

உடை பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: முழுக்கை ரேஷ் கார்டும் (உடம்போடு ஒட்டிய நீச்சல் சட்டை) நீச்சல் லெக்கிங்ஸும் எல்லோருக்கும். பருத்திச் சுடிதார் தண்ணீரில் கனத்துக் காலைச் சுற்றும். கோசுமெல் பூங்காவுக்குள் பவளத்துக்குக் கெடுதல் என்று சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்க விடமாட்டார்கள், துணிதான் பாதுகாப்பு. வாந்தி வருமென்றால் டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் போட்டுக்கொள்ளுங்கள், படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

இன்னொன்று, ஸ்நார்கெலிங்குக்குச் சம்பந்தமில்லை, ஆனால் பயணமே இதில் நிற்கலாம். நீங்கள் அமெரிக்காவின் ஹெச்-1பி வேலை விசாவில் இருந்து, பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் மட்டும் போய் முப்பது நாளுக்குள் திரும்பும்போது கிடைக்கும் சலுகையை நம்பிக் கப்பல் ஏறாதீர்கள். ரோவாட்டான் ஹோண்டுராஸ் நாட்டைச் சேர்ந்தது. வக்கீலிடம் கேளுங்கள், டிக்கெட்டின் கடைசித் தவணை கட்டுவதற்கு முன்பே.

அன்று காலை துறைமுகம் மூடியிருந்தால் அழ வேண்டாம், தீவின் நடுவில் சான் ஹெர்வாசியோ இருக்கிறது. இஷ்செல் என்ற பெண் தெய்வத்தைக் கும்பிட மாயன் பெண்கள் கடல் கடந்து வந்த இடம், டாக்ஸி பிடித்துப் போய் வரலாம்.

துறைமுகம் திறந்து, எல் சியேலோ வரை போய்விட்டால் மகளுக்கு ஒரு விஷயம் மட்டும் முன்பே சொல்லி வையுங்கள். பவளங்கள் நோயில் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்ததால் 2019 அக்டோபரில் இந்த மூன்று இடங்களையுமே அரசு கொஞ்ச காலம் மூடி வைத்தது. அந்தப் பாறைகள் இன்னும் தேறிக்கொண்டுதான் இருக்கின்றன. பவளத்தின் மேல் காலை ஊன்றக் கூடாது, நட்சத்திர மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கக் கூடாது, போட்டோவுக்காகக்கூட. படகுக்காரரே எடுத்துக் கையில் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம், உங்கள் மகள் சொன்னால் அவர் கேட்பார்.