துணி போச்சா?

அன்புள்ள ஐயா,

கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலை இப்போதுதான் படித்து முடித்தேன். நடக்க முடியாததை அன்றாட நிகழ்ச்சிபோலச் சொல்லும் மாய யதார்த்தம் என்றாலே தலை சுற்றும் என்று நண்பர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். எனக்கோ கீழே வைக்க மனம் வரவில்லை. அழகி ரெமேதியோஸ் படுக்கை விரிப்புகளோடு வானத்துக்குப் போய்விடும் இடத்தை அம்மாவிடம் சொன்னேன். “அப்போ துணி போச்சா?” என்றார். இவ்வளவு சுலபமாகப் படிக்க முடிவது நாவலுக்குக் குறையா? தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வரும் அதே பெயர்கள் மட்டும்தான் குழப்பின.

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். அவர் கேட்டதையே நாவலில் ஃபெர்னாண்டாவும் கேட்கிறாள். நாத்தனார் உடம்போடு விண்ணுக்குப் போனதில் அவளுக்குப் பொறாமை. அப்புறம், விரிப்புகளைத் திருப்பிக் கொடு என்று நெடுநாள் கடவுளை நச்சரிக்கிறாள். வெளியூர்க்காரர்களோ, பெண் ஓடிப்போனதை மறைக்க வீட்டார் கட்டிவிட்ட கதை என்கிறார்கள். பறக்கிற பெண்ணை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். விரிப்பு போச்சே என்று மூக்கைச் சிந்துகிறவளை எழுதத்தான் மார்க்கேஸ் வேண்டும்.

உங்கள் ஊரிலேயே வைகாசி முதல் நாள் சிரசுத் திருவிழா நடக்கிறது. தரணம்பேட்டை முத்தாலம்மன் கோயிலிலிருந்து புறப்படும் அம்மன் சிரசை, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் வேறொருத்தியின் உடலில் பொருத்துகிறார்கள். வழியெல்லாம் தேங்காய்ச் சில்லு. அம்மன் முகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பெண், அதே மூச்சில் “செருப்ப எங்கடா வுட்ட?” என்று மகனை அதட்டுவாள். அதனால் பக்தி குறைந்தா போயிற்று?

1967-இல் வெளிவந்த இந்த நாவலைத் தன் பாட்டி கதை சொன்ன தொனியில் எழுதியதாக மார்க்கேஸ் சொல்லியிருக்கிறார். நம்ப முடியாததையும் முகம் மாறாமல் சொல்வாராம் அந்தப் பாட்டி. நீங்கள் கீழே வைக்காமல் படித்ததற்கு அந்தத் தொனிதான் காரணம். அதைக் குறை என்பது நம் இலக்கியக் கூட்டங்களில் ஒட்டிக்கொண்ட வியாதி. விளங்காமல் எழுதுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை.

பெயர்களுக்கு வருகிறேன். நம் பக்கத்திலும் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, பெரிய முனுசாமி, சின்ன முனுசாமி என்று சமாளிக்கிறோமே! அவுரேலியானோக்கள் ஒதுங்கிப் போகிறவர்கள், கூர்மையானவர்கள். ஹோசே அர்க்காதியோக்கள் துடுக்காகத் துணிந்து இறங்குகிறவர்கள் என்று அந்தக் குடும்பத்தின் மூத்தவள் உர்சுலாவே பிரித்து வைத்திருக்கிறாள். அவளைப் பிடித்துக்கொண்டு போங்கள். அந்தக் குடும்பத்து இரட்டையர்களிடம் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. சின்ன வயதில் பெயரை மாற்றி மாற்றி விளையாடியதில், யார் யாரென்று அவளுக்கே சந்தேகம்.