மரநார், வைக்கோல், ஹெம்ப்: வெப்பக் காப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வெப்பக் கடத்துதிறன் (குறைந்தால் காப்பு அதிகம்) மரநார்ப் பலகைக்கு 0.042, தெர்மாகோலுக்கு 0.035. எண்ணில் தெர்மாகோல்தானே மேல்?

பதில்: குளிரைத் தடுக்க மட்டும் என்றால் ஆமாம். வெயில் கொளுத்தும் கூரையில் கதை வேறு. மரநார்ப் பலகையின் அடர்த்தி கனமீட்டருக்கு 160 கிலோ, தன்வெப்பம் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) 2,100 ஜூல். தெர்மாகோலுக்கு 20 கிலோ, 1,450 ஜூல். கடத்துதிறனை இவ்விரண்டின் பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். மரநாரில் வெப்பம் பரவும் விகிதம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சூடு உள்ளே வந்து சேரும் தாமதம் இதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆக, தடிமனான அடுக்கில் நண்பகல் சூடு உள்ளே வர சுமார் 3 மடங்கு நேரம் பிடிக்கும். இரவில் ஜன்னலைத் திறந்து அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் இந்த லாபத்தில் பெரும்பகுதி வீண்.

கேள்வி: 100 மி.மீ. மரநார் மெத்தைக்கு R மதிப்பு (வெப்பத்தைத் தடுக்கும் அளவு) 2.5 என்கிறார்கள். சுவரிலும் அது கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. 0.1ஐ 0.04ஆல் வகுத்து வந்த 2.5 மெத்தைக்கு மட்டும் உரியது. மெத்தையைத் தாங்கும் மரச்சட்டத்தின் கடத்துதிறன் 0.13. கடத்துதிறனை 0.1 மீ. தடிமனால் வகுத்தால் மெத்தைக்கு 0.4, சட்டத்துக்கு 1.3. சுவர்ப் பரப்பில் 12 சதவீதம் சட்டம் என்றால், (0.88 × 0.4) + (0.12 × 1.3) = 0.508. தலைகீழாக்கினால் 1.97, ஐந்தில் ஒரு பங்கு சட்டத்தோடு போயிற்று. சட்டங்களுக்கு மேல் 40 மி.மீ. மரநார்ப் பலகையை இடைவிடாமல் பரப்பினால் இழந்ததற்கு மேலேயே திரும்பக் கிடைக்கும். மெத்தையை இடைவெளியைவிட 10 மி.மீ. அகலமாக வெட்டி, அழுத்திச் செருகுங்கள். இடுக்கு விட்டால் அதற்குள் காற்று சுழலும். அப்புறம் எந்தக் கணக்கும் நிற்காது.

கேள்வி: வைக்கோல் கட்டுச் சுவர் மக்கிவிடாதா?

பதில்: ஈரம் தங்கினால் மக்கும். எடையில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் உள்ள கட்டை அடுக்கவே வேண்டாம். சுவருக்குள் 20ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஊசி ஈரமானியைக் கட்டின் நடுவரை குத்திப் பாருங்கள், மேற்புறம் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். சிமென்ட் பூச்சு கூடாது. அதன் விரிசல் வழியே புகும் மழைநீர் ஆவியாகி வெளியேற வழியிருக்காது. சுண்ணாம்பு அல்லது மண் பூச்சு போதும். மக்குவதற்கு முன்பே காப்பும் குறையும், ஏனெனில் வைக்கோலுக்குள் காற்றிருந்த இடத்தை நீர் பிடிக்கிறது: காற்றின் கடத்துதிறன் 0.025, நீருக்கோ 0.6.

கேள்வி: ஹெம்ப்கிரீட் (ஹெம்ப் எனும் சணல்வகைச் செடியின் தண்டுச் சில்லும் சுண்ணாம்பும் கலந்தது) சுவர் எதிர்பார்த்த அளவு காக்கவில்லையே?

பதில்: பெரும்பாலும் அச்சுக்குள் இடித்து இறுக்கியிருப்பார்கள். எடையில் 1 பங்கு தண்டுச் சில்லுக்கு 2 பங்கு சுண்ணாம்புக் கலவை. கையால் லேசாக அமுக்கினால் போதும். அடர்த்தி 300 கிலோவுக்கு அருகில் நிற்க வேண்டும். முழுதாகக் காயாத சுவரும் இப்படித்தான் காட்டும். காய மாதக்கணக்கில் ஆகலாம்.

கேள்வி: சுவருக்குள் ஊதிய செல்லுலோஸ் (காகிதத்தைத் துகளாக்கிய நார்) கீழே இறங்குமா?

பதில்: தளர்வாக ஊதினால் இறங்கி, மேலே வெற்றிடம் விழும். கனமீட்டருக்கு 60 கிலோ போக வேண்டும். 2.4 மீ. உயரம், 0.57 மீ. அகலம், 0.14 மீ. ஆழம் உள்ள, சட்டங்களுக்கு நடுவிலான ஓர் இடைவெளிக்கு 11.5 கிலோ. 8 கிலோவிலேயே நிரம்பிவிட்டது என்றால் குழாயை மறுபடி அடிவரை விட்டு ஊதச் சொல்லுங்கள்.