உட்காராத பேராசிரியர்

கேள்வி: போலந்தின் வூட்ச் பல்கலைக்கழகம், வரலாறு, தத்துவம், மொழி, கலை போன்ற மனிதவியல் துறைகளில் வரும் சிறந்த நூலுக்குப் பரிசு தருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் அதற்குத் தன் முதல் ரெக்டர் (பல்கலைக்கழகத்தின் தலைவர்) ததேயுஷ் கோத்தர்பின்ஸ்கியின் பெயரையே வைத்திருக்கிறது. எங்கே போனாலும் நாற்காலியில் இருந்தவர் பெயர்தானா? புத்தகத்துக்கும் நாற்காலிக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: வேறு யாரைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். இவர் விஷயத்தில் நாற்காலி என்ற சொல்லை எடுத்துவிட்டீர்கள். பரிசு கொஞ்சம் காத்திருக்கட்டும்.

1937 அக்டோபர். வார்சா பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்கள் தனி பெஞ்சுகளில்தான் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தது. தேசியவாத மாணவர் கும்பல்கள் பல வருடம் அடிதடி நடத்திக் கேட்டது இதைத்தான். கடைசியில் நிர்வாகம் பணிந்துவிட்டது. யார் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று மாணவரின் பதிவுப் புத்தகத்திலேயே முத்திரை குத்தினார்கள். யூத மாணவர்கள் அந்த பெஞ்சுகளில் உட்கார மறுத்து, வகுப்பு முடியும்வரை நின்றுகொண்டே பாடம் கேட்டார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்த கோத்தர்பின்ஸ்கிக்கு அப்போது 51 வயது. மாணவர்கள் நிற்கும்போது அவரும் உட்காரவில்லை. நின்றபடியே பாடம் நடத்தினார்.

அன்று போலந்தில் இருந்த லிவிவ் நகரத்திலும் இதே கதை. அங்கே ரெக்டர் ஸ்தனிஸ்வாவ் குல்சின்ஸ்கி, தாவரவியல்காரர். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று 1938 ஜனவரியில் பதவியை விட்டே இறங்கிவிட்டார். நாற்காலி பற்றிப் பேசும்போது இந்த இருவரையும் விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கோத்தர்பின்ஸ்கியின் தத்துவப்படி உலகில் இருப்பவை பொருள்கள் மட்டுமே. நாற்காலி உண்டு, அதில் உட்கார்ந்திருக்கும் ஆளும் உண்டு. பதவி, கௌரவம், பெருமை எல்லாம் பெயர் போலத் தோற்றம் தருகிற சொற்கள், அவற்றுக்குப் பின்னால் தனியாக ஒரு பொருள் கிடையாது. அப்படி ஒரு சொல்லைப் பயன்படுத்தினால், அதைப் பொருள்களையும் ஆட்களையும் பற்றிய வாக்கியமாகப் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும் என்பார். இதை முழுக்க ஏற்க எனக்கும் தயக்கம் உண்டு. எண்கள் பொருள்கள் இல்லையே, அவற்றை என்ன செய்வது? ஆனால் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி நான் கண்டதில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பழைய சண்டை தெரியும். புரியாமல் எழுதிவிட்டு அதை ஆழம் என்று சொல்லும் கல்வியாளர்களோடு நடக்கிற சண்டை. கோத்தர்பின்ஸ்கிக்கு லிவிவில் ஆசிரியராக இருந்த கசிமியேஷ் த்வர்தோவ்ஸ்கி இதற்கு அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். தெளிவாக எழுத முடியாதவர் தெளிவாக யோசிக்கவும் இல்லை. அப்படி எழுதியவர் என்ன நினைத்தார் என்று வாசகர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த வகுப்பறையிலிருந்து வந்தவரின் பெயர் ஒரு மனிதவியல் நூல் பரிசுக்கு இருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

சரி, பரிசு. 2015-இல் தொடங்கியது, தொகை 50,000 ஸ்லாட்டி (போலந்து நாணயம்). ஆவணக் காப்பகத்தில் பத்து வருடம் உட்கார்ந்து ஒரு நூல் எழுதுகிறவருக்கு இது கூலியே ஆகாது. ஆனாலும் வேண்டும். போலந்தில் ஆய்வாளர்களின் எழுத்துக்கு அரசு புள்ளி போடுகிறது. எந்த இதழில், எந்தப் பதிப்பகத்தில் வந்தது என்பதைப் பார்த்துத்தான் புள்ளி. அந்த ஓட்டத்துக்கு அவர்களே ‘புள்ளி நோய்’ என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தை எடுத்து, படித்து, நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் முடிவு செய்கிற இடம் ஒன்றாவது மிச்சம் இருக்க வேண்டாமா? நல்ல வேலை என்றால் என்ன என்பதைப் பற்றியே 1955-இல் ஒரு நூல் எழுதியவர் கோத்தர்பின்ஸ்கி.

நீங்கள் சொன்ன ரெக்டர் நாற்காலி, அவர் நின்றபடி பாடம் நடத்திய அந்த நாட்களுக்குப் பிறகு, 1945-இல்தான் வந்தது. வார்சா இடிந்து கிடந்தது. நெசவாலை நகரமான வூட்ச் பெரும்பாலும் தப்பி நின்றது. அங்கே புதிதாகத் திறந்த பல்கலைக்கழகத்தை 1949 வரை நடத்தினார். குல்சின்ஸ்கியும் 1945-இல் விரோட்ஸ்வாஃபில் ரெக்டரானார்.

அப்புறம் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பல நாளாக மனதில் கிடக்கிறது. நல்ல மனிதனுக்கு இலக்கணம் சொல்ல, சைலீசியா வட்டார வழக்கிலிருந்து ‘ஸ்போலெக்லிவி’ என்ற சொல்லை எடுத்தார் கோத்தர்பின்ஸ்கி. ஆபத்தில் நம்பி இருக்கலாம் என்கிற ஆள் என்று அர்த்தம். சொல் பரவியது, அர்த்தம் கூடப் போகவில்லை. இன்று போலந்தில் பலர் அதை ‘எதற்கும் பணிந்து போகிறவர்’ என்ற பொருளில்தான் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது. உட்கார மறுத்தவர் தந்த சொல், உட்கார் என்றதும் உட்கார்ந்துவிடுகிறவரைக் குறிக்கிற சொல்லாகிவிட்டது.