மாமியாரும் கைக்குழந்தையுமாகப் பழனிக்கு: கூட்டத்தில் எப்படிப் போய் வருவது?

கேள்வி: நாங்கள் கோவையில் இருக்கிறோம். இரண்டு வயது மகனுக்குப் பழனியில் மொட்டை போடுவதாக வேண்டுதல். மூத்தவளுக்கு எட்டு வயது. மாமியாருக்கு 71, முழங்கால் வலி, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடம் கிருத்திகையன்று போனபோது வரிசையிலேயே மயங்கிவிட்டார். இந்த முறை கிருத்திகை ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது, அன்றே போகலாம் என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. முதலில் தேதியை மாற்றுங்கள். கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது. வேண்டிக்கொண்டது மொட்டையைத்தான், கிருத்திகையன்று போடுகிறேன் என்று வேண்டிக்கொள்ளவில்லையே. கிருத்திகையும் ஞாயிறும் ஒன்றாக வரும் நாளில் வின்சுக்கு (மலைமேல் ஏற்றிச் செல்லும் இழுவை ரயில்) ஒரு வரிசை, தரிசனத்துக்கு ஒரு வரிசை என இரண்டு இடத்தில் மணிக்கணக்கில் நிற்க நேரும். 71 வயதுக்காரர் அதைத் தாங்க வேண்டிய அவசியமே இல்லை.

எந்த நாள் போகலாம்? கார்த்திகை பிறந்ததிலிருந்து ஐயப்ப பக்தர்கள் பழனி வழியாக வந்துபோவார்கள். அது ஓயும் முன்பே தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டம் தொடங்கிவிடும். பிறகு பங்குனி உத்திரம், கோடை விடுமுறை. ஆகவே ஆனியிலோ புரட்டாசியிலோ ஒரு செவ்வாய் தவிர்த்த வேலைநாளைப் பாருங்கள். காலண்டரில் அன்று கிருத்திகை, சஷ்டி, அமாவாசை, அரசு விடுமுறை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மகளுக்கு ஒரு நாள் பள்ளி போனால் போகட்டும்.

நேரமும் முக்கியம். மலைக்கோயிலில் ஒரு நாளைக்கு ஆறு காலம் பூஜை. அபிஷேகம், அலங்காரத்துக்குத் திரை போட்டால் வரிசை அப்படியே நின்றுவிடும். வரிசை நகராததற்குக் கூட்டம் மட்டுமே காரணம் என்று நினைத்து முன்னால் இருப்பவரை நெருக்குகிறவர்கள் பலர். உச்சிக்காலம் நண்பகலை ஒட்டி வரும். வெயிலும் அப்போதுதான் உச்சம். சாயரட்சையில் ராஜ அலங்காரம் பார்க்கும் ஆசையில் மாலையிலும் கூட்டம் சேரும், தங்கரதம் புறப்பாடு முடியும் வரை கலையாது. எனக்கும் ராஜ அலங்காரம் என்றால் உயிர். ஆனாலும் உங்கள் குடும்பத்துக்குக் காலை நேரம்தான் சரி. முதல் நாளே பழனி வந்து தங்கிவிட்டால், விடியற்காலையில் குழந்தையை எழுப்பி அவசரமாகக் கிளம்ப வேண்டியிருக்காது.

மொட்டையை அடிவாரத்திலேயே முடித்துவிடுங்கள். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் முடிகாணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. புது பிளேடு போடச் சொல்லி, உங்கள் கண்முன்னே மாற்றுகிறார்களா என்று பாருங்கள். குளித்து, சந்தனம் பூசிய பிறகு ஒரு பருத்தித் துண்டால் தலையை மூடிக்கொள்ளுங்கள். முடியில்லாத தலையில் வெயில் சுள்ளென்று இறங்கும், அதைச் சொல்லத் தெரியாமல் குழந்தை அழுதுகொண்டே இருக்கும்.

இனி ஏற்றம். படிப்பாதையில் ஏறத்தாழ 690 படிகள். யானைப்பாதை சரிவாக, படி குறைவாக இருக்கும். முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு அது சுகமான வழி, உங்கள் மாமியாருக்கு அதுவும் வேண்டாம். அவருக்கு வின்ச், அல்லது 2004-இல் வந்த ரோப் கார். ரோப் கார் மாதத்தில் ஒரு நாளும், வருடத்துக்கு ஒருமுறை பல வாரங்களும் பராமரிப்புக்காக நிற்கும். பலத்த காற்று அடித்தாலும் நிறுத்திவிடுவார்கள். அதனால் கிளம்பும் முன் கோயில் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். முதியோருக்குத் தனி வழி அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். மலையைச் சுற்றியுள்ள கிரிவலப் பாதையில் தனியார் வாகனங்களை விடுவதில்லை. கோயிலின் பேட்டரி கார் ஓடுகிறது. மாமியாரை அதில் ஏற்றிவிடுங்கள்.

இந்த இடத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். படி வழியாக ஏறி, கால் வலிக்கிறது என்று வின்சில் இறங்குவார்கள். செருப்பும் செல்போனும் மலையின் வேறொரு பக்கத்தில் இருக்கும். வெறுங்காலோடு சுடும் சாலையில் அதைத் தேடிப் போவது சர்க்கரை நோயாளிக்கு விளையாட்டு விஷயமல்ல. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. ஏறிய வழியிலேயே இறங்குங்கள். இரவில் அவர் பாதத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செல்போன் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023 அக்டோபர் 1 முதல் பழனி மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை. தடையை நான் வரவேற்கிறேன். ஆனால் பிரிந்துவிட்டால் போன் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது, மேலே அது நடக்காது. எனவே போனைக் கொடுப்பதற்கு முன்பே பேசி முடிவெடுங்கள்: மேலே பிரிந்தால் எந்த இடத்தில் நிற்பது, அங்கே யார் முதலில் போவது, கீழே எங்கே சேருவது. ராஜகோபுர வாசல் போன்ற நெரிசலான இடம் வேண்டாம். முதலுதவி அறையோ தகவல் மையமோ நல்லது. கணவரும் நீங்களும் ஆளுக்கொரு கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

மகளுக்கு உங்கள் எண் மனப்பாடமாக வேண்டும். காணாமல் போனால் ஓடித் தேடக் கூடாது, நின்ற இடத்திலேயே நின்று, சீருடை போட்ட போலீஸ் அக்காவிடமோ குழந்தையோடு நிற்கும் ஒரு அம்மாவிடமோ சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். சின்னவனுக்கு இரண்டு எண்களை எழுதிச் சட்டைப் பைக்குள் வையுங்கள், அவற்றில் ஒன்று அன்று வீட்டில் இருக்கும் உறவினருடையதாக இருக்கட்டும். மேலே உங்கள் போன் பெட்டகத்தில் அல்லவா இருக்கும்! பெயரைச் சட்டைக்கு வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை யாரோடும் போய்விடும்.

இப்போது மாமியாரின் மயக்கம். திருவிழா மருத்துவ முகாம்களில் பல வருடம் இருந்திருக்கிறேன். அங்கே தூக்கிவரப்படும் முதியவர்களில் பலர் ஒரே கதையைச் சொல்வார்கள்: “சாமி பார்த்துட்டுச் சாப்பிடலாம்னு இருந்தேன், மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டேன்.” இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கும். மெட்பார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு. அவர் சாப்பிடுவது எது என்று சீட்டைப் பார்த்து, விரத நாளில் என்ன செய்வது என்று அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். என் யோசனை, அன்று விரதமே வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கைப்பையில் குளுக்கோஸ் பவுடர் இருக்கட்டும். வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குளறல் தெரிந்தால், நினைவு தெளிவாக இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தேறாவிட்டால் இன்னொரு முறை. பஞ்சாமிர்தம் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். அதில் நெய் இருக்கிறது, சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். வேறு எதுவும் கையில் இல்லாதபோது கொடுக்கலாம்.

சர்க்கரை இறங்காமலும் மயக்கம் வரும். அசையாமல் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி மூளைக்குப் போவது குறைகிறது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் எளிதில் வரும். வரிசையில் நிற்கும்போது குதிகாலைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். கெண்டைச் சதை ரத்தத்தை மேலே தள்ளும். “கண்ணை இருட்டுது” என்றதும் அங்கேயே உட்காரவைத்து, பிறகு படுக்கவையுங்கள். விழாமல் பிடிக்கிறேன் என்று நாலு பேர் தாங்கி நிமிர்த்தி நிற்கவைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. படுத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ குளுக்கோஸோ ஊற்றவே கூடாது, புரையேறிவிடும். தெளியவில்லை என்றாலோ நெஞ்சுவலி என்றாலோ, பணியில் இருக்கும் போலீஸாரிடமோ கோயில் ஊழியரிடமோ சொல்லி 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு திட்டமிட்டாலும் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரலாம். நெரிசலில் இறப்பவர்களில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்றபடியே நெஞ்சு அழுந்தி, மூச்சை இழுக்க இடமில்லாமல் இறக்கிறார்கள். இரு பக்கமும் தோள் உரசத் தொடங்கினால் அது முதல் எச்சரிக்கை. கையை உயர்த்தி முகத்தைத் தொட முடியவில்லை என்றால் நீங்கள் நடக்கவில்லை, கூட்டம்தான் உங்களை நடத்துகிறது. முதல் எச்சரிக்கையிலேயே வெளியேறிவிடுங்கள். அதற்காகக் கம்பித் தடுப்புக்குள் நுழையும்போதே இடையில் வெளியே போக வழி எங்கே இருக்கிறது என்று பார்த்துவையுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள். தள்ளல் வந்து ஓயும் இடைவெளியில் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள், ஆனால் சுவரிலோ தூணிலோ ஒட்டி நிற்காதீர்கள். முழங்கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்தால் மூச்சுக்கு இடம் கிடைக்கும். குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பை விழுந்தால் விழட்டும், குனியவே கூடாது.

கதவு திறக்கும் கணத்தில் ஓடாதீர்கள். 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்குக் காத்திருந்தவர்களில் ஆறு பேர் நெரிசலில் இறந்தார்கள். சன்னிதியிலிருந்து வெகு தூரத்தில், டோக்கன் வாங்கும் இடத்தில் நடந்தது அது. இமாச்சலத்தின் நைனா தேவி கோயிலில் 2008 ஆகஸ்டில் 140 பேருக்கு மேல் பலியானதற்கு, மலைப்பாதையில் நிலச்சரிவு என்று பரவிய வதந்தி காரணம். படியிலும் சரிவிலும் ஒருவர் தடுமாறினால் பின்னால் இருப்பவர்கள் மேலே மேலே விழுவார்கள். இறங்கும்போது மகளின் கையைக் கணவர் விடவே கூடாது.

கடைசியாக, ஆள் பிரிப்பது. மாமியாரும் நீங்களும் சின்னவனும் ஒரு குழு, கணவரும் மகளும் இன்னொரு குழு. மேலே போனபின் வரிசை நீளமாக இருந்தால் நீங்கள் மூவரும் நிழலில் உட்காருங்கள். கணவர் போய் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டு வரட்டும். அர்ச்சனைத் தட்டை அவர் கொண்டுபோய் வந்தாலும் வேண்டுதல் நிறைவேறியதுதான். தரிசனம் ஆனதும் மாமியார் முதலில் சாப்பிடட்டும். அன்னதானம் நாள் முழுக்க உண்டு, ஆனால் அங்கேயும் வரிசை இருக்கும். அதனால் வீட்டிலிருந்தே ஒரு தயிர்சாதப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள்.