கட்டுரையில் பெயர் நடுவில் வந்தால் அது ஓசிப் பெயரா?

கேள்வி: கேலக்ஸிகளை ஆராயும் ஒருவருக்கு நாற்பது கட்டுரைகள் இருக்கின்றன. முதல் பெயராக இருப்பது ஆறில்தான். மற்றவை உண்மையிலேயே அவருடைய ஆய்வா?

கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டில் யாரோ இந்தத் துறையில் இருக்கிறார், சொந்தக்காரர்கள் அவர் பட்டியலை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எனக்கு இதே கேள்வி வேலைக்கான நேர்காணலில் வந்தது.

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரி. தேர்வுக் குழுவில் ஒருவர், என் பெயர் முதலில் வராத கட்டுரைகளையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். "இத்தனை பேர் சேர்ந்து எழுதினதுல நீங்க என்னம்மா எழுதினீங்க, ஒரு பாராவா?" என்றார். நான் வாயைத் திறந்ததும், "சரி, நெட் எந்த வருஷம் பாஸ் பண்ணீங்க?" என்று அடுத்ததற்குப் போய்விட்டார். அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

அவர் அடித்த கட்டுரைகளில் ஒன்று, ஒரு கேலக்ஸியில் இருக்கும் ஹைட்ரஜன் வாயுவைப் பற்றியது. புனேவுக்கு வடக்கே கோடாட் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியில் பார்த்தது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலத்தில் 30 ஆன்டெனாக்கள், 25 கிலோமீட்டர் வரை பரவிக் கிடக்கின்றன. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 435 ஜோடி, ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் தனித்தனியாகத் தரவு வரும். ஹைட்ரஜன் உமிழும் அலை 1420 மெகாஹெர்ட்ஸ். கேலக்ஸி நம்மைவிட்டு விலகிப் போவதால் அதைவிடக் கொஞ்சம் குறைந்த அதிர்வெண்ணில் வந்து சேரும். அதே இடத்தில்தான் செயற்கைக்கோள்களின் இரைச்சலும் வந்து விழும்.

என் வேலை அந்த இரைச்சலைப் பொறுக்கி எடுப்பது. திரையில் ஒரு பக்கம் நேரம், இன்னொரு பக்கம் அதிர்வெண். கெட்டுப்போன தரவு பளீரென்ற கோடாக நிற்கும். ஒரு ஆன்டெனா நடுராத்திரிக்கு மேல் காரணமே இல்லாமல் தாறுமாறாகப் போயிருக்கும். கொஞ்சம் அதிகமாக வெட்டினால் கேலக்ஸியின் சிக்னலும் சேர்ந்து போய்விடும். குறைவாக வெட்டினால் இல்லாத வாயு படத்தில் முளைக்கும். அப்புறம் 3சி286 போன்ற, ரேடியோ அலை எவ்வளவு வரும் என்று நன்றாகத் தெரிந்த ஒரு வான்பொருளை வைத்துச் சரிபார்த்துத்தான் படமே வரைய முடியும். அந்தப் படத்தில் வாயு, விண்மீன்கள் இருக்கும் தட்டைத் தாண்டி வெகுதூரம் போய் ஒரு பக்கம் வளைந்திருந்தது. கட்டுரையே அந்த வளைவைப் பற்றியதுதான். ஏன் வளைந்தது என்று கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தது ஒருவர், ஒளிப்படங்களை அலசியது ஒருவர், எல்லாவற்றையும் கோத்து எழுதிய மாணவர் முதல் பெயர். அது நியாயம்தான்.

முதல் பெயர் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். எங்கள் துறையில் முதல் பெயர் என்றால் பெரும்பாலும் சுமையில் பெரும்பங்கு சுமந்தவர். வேலை செய்யாதவர் பெயரை ஒட்டுவது நடக்கவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையை மட்டும் பார்த்து அளந்தால், 2016-ல் ஈர்ப்பு அலைகளைக் கண்டதை அறிவித்த, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்த லைகோ ஆய்வுக்குழுவின் கட்டுரை முழுக்க அபாட் என்பவருடையது ஆகிவிடும். ஆங்கில அகர வரிசையில் அவர் முதலில் வந்தார், அவ்வளவுதான். ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம் என்பது பற்றி 1918-ல் வந்த எண் பிரிவினைக் கட்டுரையில்கூட ஹார்டி பெயர் முன்னால், ராமானுஜன் பெயர் பின்னால். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு அதையும் சிவப்புப் பேனாவால் அடிப்பார்களா?

உங்கள் வீட்டு ஆய்வாளர் விஷயத்தில், தொலைநோக்கி நேரம் கேட்டு எழுதிய விண்ணப்பங்களில் எத்தனைக்கு அவர் தலைமை என்று கேளுங்கள். நடுவில் வரும் கட்டுரைகளில் எந்தப் படம் அவர் போட்டது என்றும் கேளுங்கள். உழைத்தவர் என்றால் பக்கத்தைத் திறந்தே காட்டிவிடுவார். முனைவர் பட்டம் முடித்துச் சில வருடங்களே ஆனவர் என்றால், முதல் பெயராக ஆறு என்பது என் கணக்கில் நல்ல எண்ணிக்கை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் தை அறுவடை முடிந்ததும் பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிப்போய், வடமேற்கே 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை வெறும் கண்ணாலேயே காட்டுவேன். இப்போது குளத்தங்கரையில் ஹைமாஸ் விளக்கு வைத்துவிட்டார்கள், ஒன்றும் தெரிவதில்லை. விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை, பாம்பு நடமாடுகிற ஊர். வெளிச்சம் மேலே போகாமல் மூடி போட்டால் பாதைக்கும்தானே நல்லது? மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.