வேலைக்குத் திரும்பும் தாயும் எட்டு மாதக் குழந்தையும்

கேள்வி: பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. எட்டு மாத மகளை மாமியார் பார்த்துக்கொள்கிறார். நான் கிளம்பும்போதெல்லாம் வீறிட்டு அழுகிறாள். முதல் ஆண்டில் தாயைப் பிரிந்தால் குழந்தையின் மனம் நிரந்தரமாகப் பாதிக்கப்படும் என்று உளப்பகுப்பாய்வு என்னும் உளவியல் மரபு கூறுவதாகப் படித்தேன். வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக விட வேண்டியதில்லை. நீங்கள் படித்த கருத்து பெரும்பாலும் இரு உளப்பகுப்பாய்வாளர்களின் எழுத்திலிருந்து திரிந்து வந்தது. ரெனே ஸ்பிட்ஸ் 1945இல் வெளியிட்ட ஆய்வு, உணவும் சுத்தமும் இருந்தும் தூக்கிக் கொஞ்ச ஆளின்றிக் காப்பகத்தில் நலிந்த குழந்தைகளைப் பற்றியது. ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையோ, குடும்பத்தை இழந்த குழந்தைகளைப் பற்றியது. அதிலும் அவர் ‘தாய், அல்லது நிரந்தரமாகத் தாயின் இடத்தில் இருப்பவர்’ என்றே எழுதினார். பின்னால் எடுத்துச் சொன்னவர்கள் இரண்டாம் பாதியை வசதியாக மறந்துவிட்டார்கள். மாலையில் தாய் திரும்பும் வீட்டில், பாட்டியின் மடியில் வளரும் குழந்தைக்கு அந்த முடிவுகள் பொருந்தா.

லண்டனில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் குழந்தை மருத்துவராகப் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் டொனால்ட் வினிகாட், குறையே இல்லாத தாயை எதிர்பார்க்கவில்லை. முதல் வாரங்களில் குழந்தையின் தேவைக்கு ஏறக்குறைய முழுமையாக ஈடுகொடுக்கும் தாய், அது தாங்கக்கூடிய அளவை அறிந்து சிறிது சிறிதாகத் தவறத் தொடங்குவதால்தான், தனக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதைக் குழந்தை உணர்கிறது என்பது அவர் கருத்து. உங்கள் மகளின் அழுகை, உங்களைப் பிறரிடமிருந்து பிரித்தறிந்து பற்றிக்கொண்டிருக்கிறாள் என்பதன் அடையாளம். இந்த வயதில் அது இயல்பு.

அழுவாளே என்று அவள் பாராதபோது நழுவிப் போகாதீர்கள். சொல்லிவிட்டு, சுருக்கமாக விடைபெறுங்கள். பார்த்துக்கொள்பவரை அடிக்கடி மாற்ற வேண்டாம். உங்கள் பழைய சேலைத் துண்டு எதையாவது அவள் பிடித்துக்கொண்டால், அழுக்காகிறது என்று அவசரப்பட்டுத் துவைக்காதீர்கள்: அந்த வாசனை மாறினால் குழந்தைக்கு அது வேறு பொருளாகிவிடும் என்பதை வினிகாட் 1953இல் வெளியான கட்டுரையிலேயே கவனப்படுத்தியிருக்கிறார். தூங்கும்போது மட்டும் அது முகத்தருகே இருக்கக் கூடாது.

பால் குடிப்பது குறைந்தாலோ, நீங்கள் திரும்பி வந்து நெடுநேரம் தூக்கி வைத்திருந்தும் நாள்தோறும் தேறாமல் இருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கே இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வோ தூக்கமின்மையோ நீடித்தால், அதைக் குற்றவுணர்வு என்று ஒதுக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.