துணியைக் காயப்போட்ட பிறகு

மிஸ்ஸிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று நான்கே வரிதான் எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. மட்டக்களப்பில் 31 வருடம், வீடு வீடாகப் போய்த் தாய்மாரைக் கவனிக்கும் குடும்பநல உத்தியோகத்தராகச் சைக்கிள் மிதித்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். வைத்தியரிடமும் சட்டத்தரணியிடமும் கேட்க வேண்டியதை அவர்களிடமே கேளுங்கள்.

வன்புணர்வுக்கு ஆளான பிள்ளைக்காவது கருவைக் கலைக்க நம் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா? (வாசகி, கல்முனை)

இல்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 303 ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்வதற்கு மட்டும்தான் விலக்கு. மற்றபடி மூன்று வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். வயிற்றில் அசைவு கண்ட பிறகென்றால் ஏழு வருடம் வரை. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் இதே பிரிவுக்குள்தான் வருவாள்.

வன்புணர்வு, இரத்த உறவுக்குள் நேர்ந்த கரு, கடும் பிறவிக் குறைபாடுள்ள சிசு ஆகியவற்றுக்கு விலக்குக் கேட்டு 1995 இல் ஒரு திருத்தம் பாராளுமன்றம் வரை வந்தது, திரும்பப் பெறப்பட்டது. 2017 இல் மீண்டும் பேச்சு எழுந்தது. மதத் தலைவர்களின் எதிர்ப்போடு அடங்கியது. இந்தச் சட்டத்தை நமக்கு எழுதிவைத்துப் போன வெள்ளைக்காரர்கள் 1967 இலேயே தங்கள் நாட்டில் மாற்றிக்கொண்டார்கள். நாம்தான் பாட்டன் கொடுத்த பழைய குடையைப் போல விரிக்கவும் மனமில்லாமல், எறியவும் மனமில்லாமல் வைத்திருக்கிறோம்.

சட்டப்படி கருக்கலைப்புச் செய்த பெண்கள் மனநோயாளிகளாகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வுகள் நிரூபித்திருக்கின்றன. அதை மறைத்துவிட்டு நீங்கள் சட்டத்தைத் தளர்த்தச் சொல்வது நியாயமா? (ஆசிரியர், அக்கரைப்பற்று)

சேர், நீங்கள் சொன்ன அமெரிக்காவிலிருந்தே தொடங்குகிறேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் டயானா கிறீன் ஃபொஸ்டர் என்பவர் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. 30 நிலையங்களுக்குக் கருக்கலைப்புக்காக வந்த ஏறத்தாழ 1000 பெண்கள். சிலர் கால எல்லைக்குள் வந்தார்கள், செய்துகொண்டார்கள். சிலர் எல்லையைத் தாண்டி வந்ததால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இரண்டு பக்கத்தாரையும் ஐந்து வருடம் தொடர்ந்து விசாரித்தார்கள். செய்துகொண்டவர்களின் மனநலம் மற்றவர்களுடையதைவிட மோசமாகவில்லை. எடுத்த முடிவு சரிதான் என்று மிகப் பெரும்பாலானோர் ஐந்தாம் வருடத்திலும் சொன்னார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குத் தொடக்கத்தில் பதற்றம் கூடுதலாக இருந்தது. ஒரு வருடத்துக்குள் அது தணிந்தது. பணக் கஷ்டம்தான் வருடக்கணக்காக விடவில்லை.

எனக்கு வசதியானதை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். அழைக்கப்பட்ட பெண்களில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்டோரே அந்த ஆய்வில் சேர்ந்தார்கள் என்று குறை சொல்பவர்கள் உண்டு, குறை நியாயமானதுதான். நியூசிலாந்தில் டேவிட் ஃபெர்கசன் செய்த ஆய்வில், கலைத்தவர்களிடையே மனநலச் சிக்கல் ஓரளவு கூடுதலாகத் தெரிந்தது. 2011 இல் பிரித்தானியாவில் இதுபற்றிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். விரும்பாத கரு தங்குவதே மனச் சிக்கலோடு சேர்ந்து வருகிறது, கலைத்தாலும் பெற்றாலும் அளவு ஏறத்தாழ ஒன்றுதான் என்றார்கள். முன்பே மனநலச் சிக்கல் இருந்தவளுக்குத்தான் பின்னாலும் வரும் வாய்ப்பு அதிகம்.

ஆசைப்பட்டுப் பிள்ளை பெற்றவளோடு, விரும்பாத கருவைக் கலைத்தவளை ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். 2011 வெள்ளத்தில் பாடசாலையில் தங்கியிருந்தவளையும் மாடி வீட்டில் இருந்தவளையும் பக்கத்தில் நிறுத்திவிட்டு, முகாமில் குடித்த கஞ்சியால்தான் இவளுக்குக் காய்ச்சல் என்று சொல்வதைப் போன்றது அது.

கருவும் உயிர், அதை அழிப்பது தவறு என்று நீங்கள் நம்பினால், அதை அப்படியே சொல்லுங்கள். அது உங்கள் அறம். என்னால் மதிக்க முடியும். அதற்குப் பெண்களின் கண்ணீரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். மறுபக்கத்தாருக்கும் இதையேதான் சொல்வேன். கருத்தரங்கில் ஒரு சகோதரி, 'ஒருத்திக்கும் கவலை வருவதில்லை' என்று மேசையைத் தட்டிச் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த எனக்கு எழுந்துபோகலாம் போல இருந்தது. அடுத்த கடிதத்தைப் படியுங்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் மூன்றாவது தங்கியபோது அவருக்கு வேலை இல்லை. இரண்டு பேரும் பேசித்தான் முடிவெடுத்தோம். வேறு ஒருவருக்கும் தெரியாது. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் எல்லோரும் உள்ளே போவார்கள். நான் வெளி வீதியில் கற்பூரம் விற்பவரோடு நின்றுவிடுவேன். கலைத்தவளுக்குப் புத்தி பேதலிக்கும் என்று மச்சாள் யாரையோ சொன்னாள். எனக்கும் அப்படித்தான் ஆகிறதா மிஸ்? (பெயர் வேண்டாம், படுவான்கரை)

இல்லை மகள். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் மகளுக்குக் கணிதம் வரவில்லை, சாதாரண தரப் பரீட்சைக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். புத்தி பேதலித்தவள் எழுதிய கடிதமாக எனக்குத் தெரியவில்லை.

மண்முனைக்குப் பாலம் வந்தது 2014 இல். அதற்கு முன் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடப்போம். அந்தக் காலத்தில் ஒரு நாள் காலை, உங்கள் பக்கத்து ஊரொன்றில் ஒரு சின்னப் பையன் வந்து, அம்மா கூப்பிடுகிறா என்றான். போனேன். முற்றம் கூட்டியிருந்தது. கொடியில் ஒரு சேலை, ஒரு பாவாடை, ஒரு போர்வை. மூன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழைக்கால விடியலில் யார் போர்வை தோய்ப்பார்கள்? உள்ளே அவள் பாயில் கிடந்தாள். நெற்றி அடுப்புக்கல்லாய்க் கொதித்தது. "தானாகவே அழிந்துவிட்டது மிஸ்" என்றாள். எழுந்து நிற்க வலுவில்லாதவள், இருட்டோடு எழும்பி எல்லாவற்றையும் தோய்த்துக் காயப்போட்டுவிட்டுத்தான் ஆளை அனுப்பியிருக்கிறாள்.

பாதையில் என் குடைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வைத்தியசாலையில் ஒரு தாதி, வாட்டு முழுக்கக் கேட்கும்படி, "என்ன குடித்தாய்? சொல்லு!" என்றார். அவள் பிழைத்துக்கொண்டாள். பல வருடம் கழித்துக் கல்லடியில் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இன்னும் எதை நினைத்துத் திடுக்கிடுகிறாய் என்று மெதுவாகக் கேட்டேன். "அந்தக் குரல்" என்றாள்.

எல்லோரும் அவளைப் போல் என்று சொல்ல மாட்டேன். இன்னொருத்தி பிள்ளையை நினைத்தேதான் அழுதாள். இருந்திருந்தால் இந்த வருடம் முதலாம் வகுப்பு என்று வயது எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னும் பலர் எதையுமே நினைக்காமல் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருத்தியுடைய மனதை அளந்த கோலால் மற்றவளை அளக்க முடியாது.

துக்கம் என்பது நோயில்லை. ஆனால் இரவில் தூக்கம் வராமல் வாரக்கணக்கில் போகிறதா, சாப்பாடு இறங்கவில்லையா, செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் தாமதிக்க வேண்டாம். 1926 க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் பேசலாம். பெரிய அரச வைத்தியசாலைகளில் பெண்களுக்கென்று 'நட்பு நிலையம்' இருக்கிறது. நடந்ததை உங்களுக்கு விருப்பமான அளவுக்கு மட்டும் சொன்னால் போதும்.

மச்சாளிடம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. உங்கள் கணவரிடம் பேசுங்கள். ஒன்பது வருடமாக அவரும் தனியாக எதையோ சுமக்கிறாரோ என்னவோ. கோயிலைப் பற்றி நான் என்ன சொல்ல, நான் பூசாரியில்லை. வருகிற வைகாசியில் நானும் வருவேன். உள்ளே போக மனம் வராவிட்டால் கற்பூரக்காரர் பக்கத்தில் நில்லுங்கள், நானும் நிற்கிறேன். முழங்கால் வலியோடு வரிசையில் நிற்க எனக்கும் முடிவதில்லை.

சட்டம் தளர்ந்தால் குமர்ப்பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா? (காத்தான்குடி, ஆரையம்பதி, செட்டிபாளையத்திலிருந்து ஒரே கேள்வி)

நான் கண்ட பெண்களில் அதிகம் பேர் தாலி கட்டி, இரண்டு மூன்று பிள்ளை பெற்றவர்கள். மூன்று ஊரிலிருந்தும் எழுதிய மூவரும் ஆண்கள் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

மனைவிக்கு இரண்டு மாதம். இப்போது வேண்டாம் என்று நினைக்கிறேன். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கலாம் என்கிறார்கள். எது நல்லது? (வாழைச்சேனை)

பெயர் சொல்ல மாட்டேன் தம்பி. யாரோ ஒளித்து விற்கும் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது; குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. முதலில் மனைவியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். எவராவது ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்து, இரத்தம் நிற்காமல் போனாலோ, காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ வந்தாலோ, 1990 அம்புலன்சை அழைத்து உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வைத்தியம் பார்ப்பது அவர்கள் கடமை. அதற்கு சுகாதார அமைச்சின் வழிகாட்டியே இருக்கிறது. துணி தோய்த்துவிட்டுப் போக வேண்டிய தேவை இல்லை.

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். இரண்டு தரம் படித்தேன். கடன், மோட்டார் சைக்கிள் தவணை, அம்மாவின் கண் சத்திரசிகிச்சை எல்லாம் இருக்கிறது. மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. அடுத்த கடிதத்தை அவர் எழுதட்டும்.